ஏடு அசையாமல் விடை மட்டும் செல்லும் முறை

தரவுத்தளப் பகுப்பாய்வை வாடிக்கையாளர் மேலாண்மைத் தளத்துடன் பகிர்வது பற்றிய ஒரு பாடம்

கோடை விடுமுறை நெருங்கும்போது மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதற் கேள்வி, ஊருக்குச் செல்ல ரயிலில் இடம் கிடைக்குமா என்பதே. கணிப்பொறி வருவதற்கு முன், திரும்பி வரும் பயணத்திற்கு இடம் வேண்டுமாயின், அந்த நிலையத்திற்குத் தந்தி கொடுத்து விடைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் இடப்பதிவுக்கென டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் கணிப்பொறி மையங்கள் ஏற்பட்டன. 1999ஆம் ஆண்டில் இவை ஐந்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன.

இணைத்த முறைதான் நம் பாடத்திற்கு உரியது. ஐந்து மையங்களின் ஏடுகளையும் ஓரிடத்தில் குவிக்கவில்லை. ஒவ்வொரு மையத்திலும் மற்ற நான்கின் நகலை வைக்கவும் இல்லை. ஒரு வண்டியின் இடக்கணக்கு அவ்வண்டிக்குரிய மையத்திலேயே இருந்தது. மும்பையிலுள்ள பதிவு அலுவலர் சென்னை மையத்திற்குரிய வண்டியில் இடம் கேட்டபோது, வினா சென்னைக்குச் சென்றது; விடை மும்பைக்குத் திரும்பியது. அவ்வண்டியில் யார் யார் பயணம் செய்கின்றனர் என்னும் முழுப் பட்டியல் மும்பைக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

ஏடு தன் இடத்தில் இருக்கட்டும். வினாவும் விடையும் மட்டும் பயணம் செய்யட்டும் என்னும் இவ்வெளிய கொள்கையே இன்று வணிக நிலையங்களிலும், மருத்துவ நிலையங்களிலும், பள்ளிகளிலும் பெரிதும் வேண்டப்படுகிறது. அது ஏன் வேண்டப்படுகிறது, எவ்வாறு செயற்படுகிறது, எங்கே தவறக்கூடும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. இரண்டு ஏடுகள்

ஒரு நிலையத்தில் பொதுவாக இரு வகை ஏடுகள் உண்டு. முதலாவது, நடந்தவற்றையெல்லாம் நடந்தவாறே எழுதி வைக்கும் பேரேடு. விற்பனை, வரவு, செலவு, வருகை, சிகிச்சை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கணிப்பொறியில் அமைந்த இத்தகைய பேரேட்டைத் தரவுத்தளம் என்கிறோம். இதில் உள்ள எண்ணற்ற வரிகளைக் கூட்டியும் வகைப்படுத்தியும் ஒப்பிட்டும் பொருள் காண்பது பகுப்பாய்வு ஆகும்.

இரண்டாவது, மக்களோடு தொடர்பு கொள்வதற்கான ஏடு. யாருக்கு இன்று தொலைபேசியில் பேச வேண்டும், யாருடைய குறை இன்னும் தீரவில்லை, யாருக்கு நினைவூட்டுச் செய்தி அனுப்ப வேண்டும் என்பவை இதில் இருக்கும். இதுவே வாடிக்கையாளர் மேலாண்மைத் தளம். பேரேட்டைக் கையாள்பவர் சிலரே. தொடர்பு ஏட்டைக் கையாள்பவர் பலர். மேலும், இத்தளத்தைப் பெரும்பாலும் வெளி நிறுவனம் ஒன்றே நடத்துகிறது.

தொடர்பு ஏட்டில் இருப்பவர் நன்கு பணியாற்ற வேண்டுமாயின், பேரேட்டிலிருந்து கிடைக்கும் அறிவு அவருக்கு வேண்டும். இதில் ஐயமில்லை. ஆனால் அவருக்கு வேண்டியது பேரேடா, பேரேட்டிலிருந்து பெறப்பட்ட முடிவா? இவ்வினாவுக்கு விடை காணாமலே பலர் பேரேட்டை முழுவதும் நகலெடுத்து அனுப்பிவிடுகின்றனர். குற்றம் அங்கே தொடங்குகிறது.

2. நகலெடுப்பதால் விளையும் கேடுகள்

முதற் கேடு செலவு. மேகக்கணிமை நிறுவனங்கள் தம் மையத்திற்குள் வரும் தரவுக்குப் பெரும்பாலும் கட்டணம் விதிப்பதில்லை; வெளியே செல்லும் தரவுக்கு அளவின்படி கட்டணம் விதிக்கின்றன. ஒரு வட்டாரத்திலிருந்து மற்றொரு வட்டாரத்திற்குச் செல்லும் தரவுக்கும் கட்டணம் உண்டு. மும்பையில் அமேசான் நிறுவனம் 2016ஆம் ஆண்டிலும், கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டிலும் தத்தம் தரவு மைய வட்டாரங்களைத் திறந்தன. பேரேடு மும்பையிலும் தொடர்புத் தளம் கடல் கடந்த நாட்டிலும் இருக்குமாயின், அனுப்பப்படும் ஒவ்வொரு வரிக்கும் விலை உண்டு என்பதை மறக்கலாகாது.

இரண்டாம் கேடு பழமை. நகல் எடுக்கப்பட்ட நொடியிலேயே அது பழையதாகத் தொடங்குகிறது. நேற்று இரவு நகலெடுத்தோம். இன்று காலை ஒருவர் தம் பாக்கியைச் செலுத்தினார். நண்பகலில் அவருக்கே பாக்கி நினைவூட்டல் செல்கிறது. இவ்வாறு ஒரு முறை நிகழ்ந்தால் வாடிக்கையாளரின் நம்பிக்கை குலையும்.

மூன்றாம் கேடு பரவல். ஒரு சாவி இருக்குமிடத்தில் ஒரு பூட்டைக் காத்தால் போதும். பத்து நகல்கள் இருப்பின் பத்துப் பூட்டுகளையும் காக்க வேண்டும். இவற்றுள் மிகப் பலவீனமான பூட்டே மொத்தப் பாதுகாப்பின் அளவாகிவிடும்.

நான்காம் கேடு அழிக்க இயலாமை. "என் விவரத்தை நீக்குங்கள்" என்று ஒருவர் கேட்டால், அசல் ஏட்டில் நீக்குவது எளிது. நகல் எங்கெங்கே சென்றது, நகலின் நகல் யாரிடம் உள்ளது என்று எவரும் எழுதி வைக்காவிடில், அவ்வேண்டுகோளை நேர்மையாக நிறைவேற்ற முடியாது.

3. கணக்கிட்டுப் பார்ப்போம்

மாட்டுங்காவில் காப்பித்தூளும் அரிசியும் அப்பளமும் விற்கும் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதற்கு 20,000 வாடிக்கையாளர்கள். நாளொன்றுக்கு 3,000 விற்பனை வரிகள் எழுதப்படுகின்றன. ஆண்டுக்கு 300 வேலை நாட்கள். ஐந்தாண்டுக் கணக்கு இருக்கிறது. எனவே பேரேட்டிலுள்ள வரிகள் 3,000 × 300 × 5 = 45,00,000. ஒரு வரிக்கு 200 பைட்டு இடம் வேண்டும் எனின், பேரேட்டின் பருமன் 90 கோடி பைட்டு ஆகும்.

இரண்டு மாதங்களாகக் கடைக்கு வராத வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்க நிர்வாகம் விரும்புகிறது. அழைப்பவர்கள் தொடர்புத் தளத்தில் பணியாற்றுகின்றனர். அவர்களுக்குச் செய்தியை எட்டச் செய்ய மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: நாள்தோறும் பேரேட்டை முழுவதும் அனுப்புதல். ஒரு நாளைக்குச் செல்லும் தரவு 90 கோடி பைட்டு.

இரண்டாம் வழி: அன்று புதிதாக எழுதப்பட்ட வரிகளை மட்டும் அனுப்புதல். 3,000 × 200 = 6,00,000 பைட்டு.

மூன்றாம் வழி: இரண்டு மாதங்களாக வராதவர் யார் என்பதைப் பேரேடு இருக்குமிடத்திலேயே கணக்கிட்டு, நிலை மாறியவர்களை மட்டும் தெரிவித்தல். நாளொன்றுக்கு 400 பேருடைய நிலை மாறுகிறது. ஒருவருக்கு 16 பைட்டு போதும் என்று கொண்டால், செல்லும் தரவு 6,400 பைட்டு மட்டுமே.

முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1,40,000 மடங்கு. இரண்டாம் வழி சிக்கனமாகத் தோன்றினும், மூன்றாம் வழியைப் போல 90 மடங்குக்கு மேற்பட்ட தரவை அனுப்புகிறது. அதுவன்றி, யார் என்ன வாங்கினார் என்னும் விவரம் முதல் இரு வழிகளிலும் வெளியே செல்கிறது. மூன்றாம் வழியில் உறுப்பினர் எண்ணும், "அழைக்க" அல்லது "அழைக்க வேண்டாம்" என்னும் குறியும், தேதியும் மட்டுமே செல்கின்றன. அழைப்பவருக்கு வேண்டியதும் இவ்வளவே. செலவைக் குறைக்கும் வழியும் அந்தரங்கத்தைக் காக்கும் வழியும் இங்கு ஒன்றாகவே அமைவதைக் காண்க.

4. வினாவை அனுப்பும் முறை

மேற்கூறிய மூன்றாம் வழியில், என்ன விடை வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருந்தோம். அவ்வாறு அறிய முடியாத சமயங்களும் உண்டு. ஒரு வாடிக்கையாளர் குறை கூறித் தொலைபேசியில் பேசும்போது, சென்ற மாதம் அவர் வாங்கியவை எவை என்று பணியாளர் உடனே பார்க்க வேண்டியிருக்கும். இதற்காக எல்லாருடைய விவரத்தையும் தளத்தில் அடுக்கி வைத்தல் வீண். தளத்திலிருந்து வினா பேரேட்டுக்குச் சென்று, அவ்வொருவருக்குரிய விடையை மட்டும் கொண்டு வருதலே முறை.

இதனை வணிக உலகில் நகலில்லாப் பகிர்வு என்கின்றனர். வாடிக்கையாளர் மேலாண்மைத் தளங்களை நடத்தும் அமெரிக்க நிறுவனமாகிய சேல்ஸ்ஃபோர்ஸ், ஸ்னோஃபிளேக் தரவுத்தளத்துடனும் கூகுளின் பிக்குவெரி தரவுத்தளத்துடனும் இம்முறையில் பகிர்வதற்கான ஏற்பாடுகளை அறிவித்தது. 2024ஆம் ஆண்டில் இம்முறையை ஏற்கும் பல நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றையும் அது தொடங்கியது. டேட்டாபிரிக்ஸ் என்னும் நிறுவனம், வெவ்வேறு நிறுவனங்களின் தரவுத்தளங்களும் பயன்படுத்தத்தக்க பொது விதிமுறை ஒன்றை 2021இல் வெளியிட்டது.

இம்முறை நன்கு செயற்பட வேண்டுமாயின், மூன்று வேலைகள் பேரேடு இருக்குமிடத்திலேயே நடைபெற வேண்டும். முதலாவது, வேண்டிய வரிகளை மட்டும் தெரிந்தெடுத்தல். இரண்டாவது, அவ்வரிகளிலும் வேண்டிய பத்திகளை மட்டும் எடுத்தல். மூன்றாவது, கூட்டலும் எண்ணலும் ஆகிய தொகுப்பு வேலை. இவற்றுள் ஒன்று தவறினும் பயன் கெடும். சில அமைப்புகளில் வினா செல்வதுபோலத் தோன்றும். ஆனால் தெரிந்தெடுக்கும் வேலையைப் பேரேட்டிடம் ஒப்படைக்கத் தெரியாமல், அட்டவணை முழுவதையும் இழுத்து வந்து, இங்கே வைத்துச் சலித்துப் பார்க்கும். விடை சரியாகவே இருக்கும். ஆகவே தவறு கண்ணுக்குப் புலப்படாது. கட்டணச் சீட்டு வரும்போதுதான் தெரியும். எனவே விடை சரியா என்று பார்ப்பதோடு, எத்தனை பைட்டு நகர்ந்தது என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

இரண்டு ஏடுகளையும் ஒப்பிட வேண்டிய இடத்தில் மற்றொரு நுட்பம் உதவும். தொடர்புத் தளத்தில் குறை கூறியவர் 300 பேர் உள்ளனர். அவர்கள் ஆண்டுக்கு எவ்வளவு பொருள் வாங்குகின்றனர் என்பது பேரேட்டில் உள்ளது. 20,000 பேரின் தொகையையும் தளத்திற்கு அனுப்பினால், ஆளுக்கு 16 பைட்டு வீதம் 3,20,000 பைட்டு நகரும். அதற்கு மாறாக, 300 பேரின் எண்களை மட்டும், எண்ணுக்கு 8 பைட்டு வீதம், பேரேட்டுக்கு அனுப்பி, அவர்களுக்குரிய தொகையை மட்டும் திரும்பப் பெற்றால், போக்குவரத்து இரண்டும் சேர்ந்து 7,200 பைட்டில் முடியும். இதனை அரை இணைப்பு எனலாம். பல ஊர்களில் பரவிக் கிடக்கும் தரவுத்தளங்களைப் பற்றி 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகளில் இந்நுட்பம் வளர்ந்தது. அக்காலத்தில் கம்பி வழிகள் மெதுவாக இருந்தன. அவசியம் கற்பித்த சிக்கனம் இது.

வினா அனுப்பும் முறைக்கும் குறை உண்டு. ஒரே வினாவை நாளொன்றுக்கு ஆயிரம் முறை கேட்டால், பேரேடு ஆயிரம் முறை தன் வரிகளைப் புரட்ட வேண்டும். நகரும் தரவு குறையினும் கணக்கிடும் செலவு ஏறும். பேரேட்டு மையம் பழுதுபட்டால் தளமும் விடையின்றி நிற்கும். ஆகையால் அடிக்கடி வேண்டப்படும் விடையை ஒரு முறை கணக்கிட்டு அனுப்பி வைப்பதும், எப்போதேனும் வேண்டப்படும் விடையை வினா அனுப்பிப் பெறுவதுமே தக்க பங்கீடு. சில ஏற்பாடுகளில் விரைவுக்காகத் தற்காலிக நகல் ஒன்று தளத்தில் தங்கும். நகலில்லாப் பகிர்வு என்னும் பெயரை மட்டும் நம்பிவிடாமல், எது எவ்வளவு காலம் தங்குகிறது என்று கேட்டறிதல் நன்று.

5. பெயரை மறைத்தல் எளிதன்று

விடையை அனுப்பும்போது அது யாருக்குரியது என்று குறிப்பிட வேண்டுமன்றோ? இதற்குப் பெயரையோ கைபேசி எண்ணையோ அனுப்பாமல், தளத்திற்கென்றே உண்டாக்கிய ஓர் அடையாளக் குறியை அனுப்புவது வழக்கம். இக்குறியை உண்டாக்குவதில் பலர் ஏமாறுகின்றனர்.

கைபேசி எண்ணை ஒரு கணித விதிப்படி உருத்தெரியாத எழுத்துத் தொடராக மாற்றிவிடலாம். அத்தொடரிலிருந்து எண்ணை நேராகப் பின்னோக்கிக் காண இயலாது. இது உண்மையே. ஆனால் இந்தியாவில் கைபேசி எண் பத்து இலக்கம் உடையது. 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்குவது. ஆகவே இருக்கக்கூடிய எண்கள் 400 கோடி மட்டுமே. அவ்விதியை அறிந்தவர் எல்லா எண்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து ஒப்பிடலாம். நொடிக்குப் பத்து லட்சம் எண்கள் எனக் கொண்டாலும் 4,000 நொடிகளில், அதாவது ஏறத்தாழ ஒரு மணி ஏழு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எனவே மாற்றும் விதியோடு, வெளியே எவரும் அறியாத ஓர் இரகசியத் திறவுகோலையும் சேர்த்தே குறி உண்டாக்க வேண்டும். அல்லது கைபேசி எண்ணோடு தொடர்பே இல்லாத எண்ணைக் குலுக்கலாக எடுத்துக் கொடுத்து, பொருத்தப் பட்டியலைப் பேரேட்டு மையத்திலேயே பூட்டி வைக்க வேண்டும்.

மொத்தத் தொகையை மட்டும் அனுப்பினால் அச்சமில்லை என்று எண்ணுவதும் தவறு. ஒரு கட்டடத்தில் எழுபது வயதைக் கடந்தவர் ஒருவரே இருப்பின், "அக்கட்டடத்தில் எழுபது கடந்தோர் சராசரிச் செலவு" என்பது அவ்வொருவரின் செலவே. நேற்று ஒரு நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் 12, இன்று 13 என்று வெளியிட்டால், இன்று அந்நிலையத்திற்குப் புதிதாக வந்தவர் ஒருவரைக் கண்டவருக்கு இரகசியம் வெளிப்பட்டுவிடும். ஆதலின் ஒரு தொகையில் அடங்கியவர் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவாயின் அத்தொகையை வெளியிடுவதில்லை என்று முன்னரே விதி செய்துகொள்ள வேண்டும்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் அரசாங்க ஊழியர்களின் மருத்துவ விவரங்கள் பெயர் நீக்கி ஆராய்ச்சியாளருக்கு வழங்கப்பட்டன. 1990களில் லட்டான்யா ஸ்வீனி என்னும் ஆராய்ச்சியாளர், வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநரின் மருத்துவக் குறிப்பையே அடையாளம் கண்டு காட்டினார். பெயர் இல்லாமற் போவதும் ஆள் தெரியாமற் போவதும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது.

6. மாட்டுங்கா தரும் பாடம்

காப்பித்தூள் வாங்கியவரின் பெயர் வெளியானால் பெரிய தீங்கு நேராது. எல்லாப் பட்டியல்களும் அத்தகையன அல்ல. மாட்டுங்காவின் பழைய வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. பம்பாய் நகராட்சி ஆணையராக இருந்த ஆக்வொர்த் என்பவரின் முயற்சியால் 1890ஆம் ஆண்டில் வீடற்ற தொழுநோயாளருக்கான இல்லம் ஒன்று மாட்டுங்காவில் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் பெயராலேயே வழங்கிய அம்மருத்துவமனை, இன்று வடாலா என்று குறிக்கப்படும் பகுதியில் உள்ளது. 1898ஆம் ஆண்டுச் சட்டம், ஆதரவற்றுத் திரியும் தொழுநோயாளரைக் கைது செய்து இல்லத்தில் வைக்க அதிகாரம் அளித்தது. அக்காலத்தில் ஒருவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏறுவது அவருடைய சுதந்திரத்தையே பறிப்பதாக முடியக்கூடும்.

1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவிய பின் நிலைமை மாறியது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ மருந்துண்டால் நோய் முற்றிலும் தீருகிறது. ஆனால் 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல்தான். தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கோரும் வழி திருமணச் சட்டங்களிலிருந்து அகற்றப்பட்டது 2019இல்தான். உடலிலிருந்து நோய் அகல ஓராண்டு போதும். ஏட்டிலிருந்து அது அகலப் பல தலைமுறைகள் ஆயின.

இதனை நம் பாடத்தோடு பொருத்திப் பார்ப்போம். கூட்டு மருந்து 28 நாட்களுக்கு ஒரு முறை வழங்கப்படுகிறது. மருந்து வாங்கும் நாளை நினைவூட்டிச் செய்தி அனுப்ப ஒரு மருத்துவ நிலையம் விரும்புகிறது. செய்தி அனுப்பும் தளத்தை வெளி நிறுவனம் ஒன்று நடத்துகிறது எனக் கொள்வோம். நோயாளர் பட்டியலை நோயின் பெயரோடும் முகவரியோடும் அனுப்புவது அலுவலகத்திற்கு எளிது. ஒரே பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஆனால் தளத்திற்கு உண்மையில் வேண்டியவை மூன்றே: எந்த எண்ணுக்கு, எந்த நாளில், எந்த மொழியில் அனுப்ப வேண்டும் என்பன. சிகிச்சை முடிந்த நாளன்று பேரேடு "இனி வேண்டாம்" என்ற ஒரு குறியை அனுப்பினால், தளத்திலிருந்து அவ்வெண் நீங்கிவிடும். முழு நகல் சென்றிருந்தாலோ, குணமடைந்தவர் அங்கே என்றென்றும் நோயாளராகவே இருப்பார்.

களப்பணியாளர் இன்னும் ஒரு படி மேலே செல்ல வேண்டும். தாராவியில் ஒரே அறையில் வாழும் குடும்பத்தில் ஒரு கைபேசியைப் பலர் எடுப்பர். ஆகவே செய்தியின் வாசகத்திலும் நோயின் பெயர் இருத்தல் ஆகாது. "நாளைக் காலை மருந்தகத்துக்கு வருக" என்பது போதும். அனுப்புநராகக் காட்டப்படும் பெயரே நோயைக் காட்டிக் கொடுக்குமாயின், அதையும் மாற்ற வேண்டும். கணிப்பொறியாளர் எத்துணைக் கவனமாகத் தரவைச் சுருக்கினாலும், கடைசி வரியில் எழுதப்படும் ஒரு சொல் அவ்வளவையும் வீணாக்கிவிடும். இதை அறிந்து எச்சரிக்கக் கூடியவர் அத்தெருவில் நடந்து பழகிய பணியாளரே.

7. சட்டம் கூறுவது

இக்கொள்கை நம் நாட்டுச் சட்டங்களுக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி, தனி ஒருவரைப் பற்றிய கணக்கெடுப்புக் குறிப்புகளைப் பிறர் பார்வையிட உரிமை இல்லை. தொகுத்த எண்களே வெளியிடப்படுகின்றன. கணக்கெடுப்புப் பணியில் ஈடுபட்ட ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். ஆதார் அடையாள உறுதிப்பாட்டில், கேட்கப்பட்டது பொருந்துகிறதா என்பதற்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் விடை தரும் வகை ஒன்று உண்டு. கைரேகை, கருவிழிப் பதிவு ஆகியவற்றை எவருக்கும் பகிரலாகாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதனைப் பொது விதியாக்கியது. ஒருவர் அளிக்கும் இசைவு, குறிப்பிட்ட நோக்கத்திற்கு அவசியமான தரவுக்கு மட்டுமே பொருந்தும். அந்நோக்கம் முடிந்தபின் தரவை அழிப்பதோடு, அதைக் கையாளும்படி ஒப்படைக்கப்பட்ட வெளி நிறுவனத்திடமிருந்தும் அழிக்கச் செய்தல் கடமையாகும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. முதன்மையான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு காலம் தரப்பட்டது. நகல் எடுக்காதவருக்கு இச்சட்டத்தைப் பின்பற்றுதல் எளிது. நகல்களை எங்கும் சிதறவிட்டவருக்கு அரிது.

8. வகுப்பறையில் செய்து காட்டத்தக்க பயிற்சி

கணிப்பொறி இல்லாமலே இப்பாடத்தை மாணவர்களுக்குப் புலப்படுத்தலாம். நாற்பது மாணவர் உள்ள வகுப்பின் வருகைப் பதிவேடு போன்று, கற்பனைப் பெயர்களைக் கொண்டு 25 நாட்களுக்கு ஒரு பதிவேட்டை ஆசிரியர் ஆயத்தம் செய்க. அதுவே பேரேடு. தொடர்ந்து மூன்று நாட்கள் வராதவரின் பெற்றோருக்குக் கடிதம் எழுதுவதே நோக்கம்.

மாணவரை மூன்று குழுக்களாகப் பிரிக்க. முதற் குழு 1,000 குறிகளையும் நகலெடுத்து, அந்நகலிலிருந்து விடை காணட்டும். இரண்டாம் குழு ஒவ்வொரு நாளும் வராதவரின் எண்களை மட்டும் எழுதிக்கொள்ளட்டும். மூன்றாம் குழு ஒரு சிறு சீட்டில் வினாவை எழுதிப் பேரேட்டுக் காப்பாளராகிய மாணவரிடம் கொடுத்து, விடையாக வரிசை எண்களை மட்டும் பெறட்டும். ஒவ்வொரு குழுவும் எழுதிய எழுத்துகளை எண்ணிக் கரும்பலகையில் குறிக்க.

பின்னர் பேரேட்டில் ஒரு குறியை மாற்றுக: வரவில்லை என்று தவறாகக் குறிக்கப்பட்ட ஒருவர் உண்மையில் வந்திருந்தார் எனத் திருத்துக. மூன்று குழுக்களையும் மீண்டும் விடை கேட்க. முதலிரு குழுக்களும் பழைய விடையைக் கூறும். மூன்றாம் குழு மட்டுமே மீண்டும் கேட்டுப் புதிய விடையைக் கூறும். நகல் பழையதாவதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர்.

இறுதியாக ஒரு வினா: மாணவர் வராமைக்குரிய காரணம் பேரேட்டில் எழுதப்பட்டிருப்பின், அக்காரணமும் கடிதம் எழுதும் குழுவுக்குச் செல்ல வேண்டுமா? இதனை மாணவரே விவாதிக்கட்டும். கணக்கில் வல்லவரல்லாத மாணவரும் இவ்வினாவுக்குச் சிறந்த விடை கூறுவதுண்டு.

9. தொகுப்புரை

தரவைப் பகிருமாறு மேலிடத்திலிருந்தோ வெளி நிறுவனத்திடமிருந்தோ கோரிக்கை வரும்போது, பணியாளர் ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டும். பெறுபவர் இதைக்கொண்டு என்ன செய்யப் போகிறார்? அதற்கு வேண்டியது வரிகளா, விடையா? அவ்விடையை ஏடு இருக்குமிடத்திலேயே கணக்கிட இயலுமா? அனுப்பியது எங்கே, எவ்வளவு காலம் தங்கும்? அசல் மாறும்போது, அல்லது ஒருவர் நீக்கக் கோரும்போது, அனுப்பப்பட்டது எவ்வாறு மாறும்?

இவ்வினாக்களுக்கு விடை எழுதப்படும் வரை ஏடு தன் இடத்திலேயே இருக்கட்டும். ஊருக்குச் செல்ல இடம் கேட்ட மாட்டுங்காவாசிக்குச் சென்னையிலிருந்து வந்தது ஒரு விடை மட்டுமே. அதைக் கொண்டு அவர் பயணம் செய்தார். மற்றப் பயணிகளின் பெயர்களை அவர் அறியவில்லை. அதனால் அவர் பயணத்தில் ஒரு குறையும் நேரவில்லை.